கஜானா காலியானால் அவை கூடத்தான் வேண்டும்

நடுவர் அவர்களே, எதிரணியில் இருக்கும் அண்ணாச்சிமார்களே, அக்கா தங்கச்சிகளே, இந்த நேரத்திலும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கும் பாளையங்கோட்டைப் பெரியோர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

நாடு பொருளாதார நெருக்கடியில் இருக்கும்போது நாடாளுமன்றத்தில் நம்பிக்கை வாக்கெடுப்பு நடத்தினால் அது நாட்டைக் காக்குமா, கவிழ்க்குமா? இதுதான் தலைப்பு. காக்கும் என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய அண்ணாச்சி 1991-ஐ எடுத்து வைத்தார். 1990 நவம்பர் 7 அன்று வி.பி. சிங் அரசு 142-க்கு 346 என்று தோற்றது, நாலே மாதத்தில் சந்திரசேகர் அரசும் போனது, இப்படி அரசுகளை மாற்றி மாற்றிக் கவிழ்த்ததால்தான் வெளிநாட்டுக்காரன் நம்மை நம்பாமல் கடனை நிறுத்தினான் என்றார். வருஷமும் எண்ணிக்கையும் சரி. அதிலிருந்து அவர் எடுத்த முடிவைத்தான் நான் ஏற்கவில்லை.

அந்த நெருக்கடி எங்கிருந்து வந்தது? வாங்கிய கடன் பல வருஷமாகக் கூடிக்கொண்டே போனது. 1990 ஆகஸ்டில் ஈராக் குவைத்துக்குள் நுழைந்ததும் எண்ணெய் விலை ஏறியது. குவைத்தில் வேலை பார்த்த நம்மவர்கள் ஒன்றரை லட்சத்துக்கும் மேல், போட்ட துணியோடு விமானம் ஏறித் திரும்பினார்கள். வளைகுடாவில் இருந்து மாதாமாதம் வரும் பணத்தை நம்பி அடுப்பு எரியும் வீடுகள் மேலப்பாளையத்தில் எத்தனை, கடையநல்லூரில் எத்தனை என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இதில் எதுவும் வாக்கெடுப்பால் வந்தது இல்லை.

சரி, சந்திரசேகர் அரசுக்கு வருவோம். சுமார் 60 உறுப்பினர்களை வைத்துக்கொண்டு, வெளியில் இருந்து காங்கிரஸ் கொடுத்த ஆதரவில் நின்ற அரசு அது. 1991 ஜனவரியில் நாட்டின் அந்நியச் செலாவணிக் கையிருப்பு 120 கோடி டாலர் அளவுக்கு இறங்கிவிட்டது. இரண்டு மூன்று வார இறக்குமதிக்குக் காணும், அவ்வளவுதான். அப்படிப்பட்ட நேரத்தில் முழு பட்ஜெட் வர ஆதரவுக் கட்சி சம்மதிக்கவில்லை. நிதியமைச்சர் யஷ்வந்த் சின்ஹா இடைக்கால பட்ஜெட்டோடு நின்றார். அப்புறம் அரசு எதற்காக விழுந்தது? கஜானா காலி என்பதற்காகவா? இல்லை! ராஜீவ் காந்தி வீட்டு வாசலில் ஹரியானா போலீஸ்காரர்கள் இரண்டு பேர் வேவு பார்த்தார்கள் என்ற பிரச்சினையில் காங்கிரஸ் அவையைப் புறக்கணித்தது, மார்ச் 6-ஆம் தேதி பிரதமர் ராஜினாமா செய்தார். வாக்கெடுப்பு நடக்கவே இல்லை. அடுத்த வாரம் மக்களவை கலைக்கப்பட்டது.

நாட்டில் பணம் இல்லை என்பதைப் பற்றி அவையில் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து பேசி, இதற்கு நான் ஆதரவு, இதற்கு நான் எதிர்ப்பு என்று கை தூக்கியிருந்தால், அண்ணாச்சி சொல்லும் குற்றச்சாட்டு நிற்கும். பேசாமலே கலைந்து போனதுதான் நம்மை முடக்கியது.

அதற்குப் பிறகு நடந்ததைக் கேளுங்கள். மே மாதம் 20 டன் தங்கம் சுவிட்சர்லாந்து வங்கிக்குப் போனது. கடத்தல்காரர்களிடம் பறிமுதல் செய்த தங்கம். திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்ற நிபந்தனையோடு ஸ்டேட் வங்கி மூலம் கொடுத்து, சுமார் 20 கோடி டாலர் வாங்கினார்கள். அனுப்பியது காபந்து அரசு. கேள்வி கேட்க அப்போது மக்களவை என்று ஒன்றே கிடையாது.

நம்ம பக்கத்தில் ஒரு வீட்டில் நகையை அடகு வைக்க வேண்டிய நிலைமை வந்தால், பீரோ சாவியை வைத்திருக்கிறவர் தன் இஷ்டத்துக்கு எடுத்துக்கொண்டு போய்விட முடியாது. அந்தச் சங்கிலி யாருடையதோ அந்த அம்மாவிடம் கேட்க வேண்டும். எதற்கு, எவ்வளவுக்கு, எப்போது திருப்புவீர்கள் என்று அவர்கள் நாலு கேள்வி கேட்பார்கள். கேட்டுவிட்டுக் கழற்றியும் கொடுப்பார்கள். தங்கத்தை அனுப்பியது தவறு என்று நான் சொல்லவில்லை. வேறு வழி இல்லை என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் உரியவர்களிடம் கேட்கவில்லை என்ற குறை இன்றைக்கும் குறைதான்.

ஜூன் 21 அன்று நரசிம்ம ராவ் பதவி ஏற்றார். பெரும்பான்மை இல்லாத அரசு. ஜூலை 1, 3 தேதிகளில் ரூபாயின் மதிப்பைக் குறைத்தார்கள். அதே மாதம் ரிசர்வ் வங்கியின் தங்கம் சுமார் 47 டன் வெளிநாட்டுக்கு அடமானமாகப் போனது. எதிரணியில் அடுத்து வருகிறவர்கள் இதைச் சொல்வார்கள், அதனால் நானே சொல்கிறேன்: மதிப்புக் குறைப்பு அவையைக் கேட்டு நடந்தது இல்லை. முடிவெடுத்துவிட்டுத்தான் வந்தார்கள். ஆனாலும் வந்தார்கள். ஜூலை 15 அன்று நம்பிக்கை வாக்குக் கேட்டார்கள். ஆதரவு 241, எதிர்ப்பு 111. எந்தப் பக்கமும் சேராமல் ஒதுங்கியவர்கள் 112 பேர்.

அந்த 112-ஐக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அண்ணாச்சி என்ன சொன்னார்? விவாதம் என்று வந்துவிட்டால் எதிர்க்கட்சிக்காரன் கவிழ்க்காமல் விடமாட்டான் என்றார். 112-ம் 111-ம் சேர்ந்திருந்தால் எதிர்ப்பு 223 ஆகி, அரசின் 241-க்கு நெருக்கமாக வந்திருக்கும். சேரவில்லையே! அரசின் கொள்கை பிடிக்காது, ஆனால் இந்த நேரத்தில் கவிழ்க்கவும் மாட்டோம் என்று நின்றார்கள். எதிர்க்கட்சிக்குப் பொறுப்பு இல்லை என்கிறவர்களுக்கு இதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை.

அந்த வாக்கெடுப்பு நடந்து ஒன்பதாவது நாள், ஜூலை 24, மன்மோகன் சிங் பட்ஜெட் வாசித்தார். உர விலை 40 சதவீதம் உயர்வு. ஜூலை மாதம் நம்ம தாமிரபரணிக் கரையில் என்ன நடக்கும்? அம்பாசமுத்திரத்திலும் சேரன்மகாதேவியிலும் கார் பருவ நெல் வயலில் நிற்கும். யூரியா போட வேண்டிய நேரம். கடைக்குப் போனால் மூட்டைக்கு இவ்வளவா என்று திரும்பி வர வேண்டிய நிலைமை. டெல்லியில் எதிர்க்கட்சிகள் மட்டுமா எதிர்த்தன? ஆளுங்கட்சி உறுப்பினர்களே எழுந்து சண்டை போட்டார்கள். ஆகஸ்டில் நிதியமைச்சர் உயர்வை 30 சதவீதமாகக் குறைத்தார். சிறு, குறு விவசாயிகளுக்கு அந்த உயர்வும் கிடையாது என்று விலக்குக் கொடுத்தார். பட்ஜெட்டில் தோற்றாலும் அரசு போய்விடும். தனக்குப் பெரும்பான்மை இல்லை என்பதை ஜூலை 15 அன்று எண்ணிப் பார்த்துத் தெரிந்துகொண்ட அரசு அது. அதனால்தான் காது கொடுத்தது என்பது என் கருத்து. ரெண்டு ஏக்கர் வைத்திருந்த சம்சாரிக்கு அவையில் நடந்த பேச்சு உர மூட்டை விலையில் வந்து சேர்ந்தது. அரசு கவிழ்ந்ததா? ஐந்து வருஷம் இருந்தது.

இடையில் 1993 ஜூலையில் ஒரு நம்பிக்கையில்லாத் தீர்மானம் வந்தது, 251-க்கு 265 என்று அரசு தப்பியது, அதற்கு ஜார்க்கண்ட் கட்சி உறுப்பினர்களுக்குப் பணம் கைமாறியது என்று வழக்கு வந்ததே என்பார்கள். வந்தது. லஞ்சம் வாங்கினால் லஞ்சத்தைத் தண்டிக்க வேண்டும், வாக்கெடுப்பை நிறுத்தக் கூடாது. அவையில் வாக்களிக்கப் பணம் வாங்கும் உறுப்பினருக்குச் சட்டப் பாதுகாப்பு கிடையாது என்று 2024 மார்ச்சில் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். அது முடிந்த விஷயம்.

இனிமேல் கடல் தாண்டிப் பார்ப்போம். ரொம்பத் தூரம் வேண்டாம். 1986 வரைக்கும் நம்ம மாவட்டமாக இருந்த தூத்துக்குடியில் நின்றால் அந்தப் பக்கம் இலங்கை. 2022 ஏப்ரல் 12-ல் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அந்த நாடு அறிவித்தது. பெட்ரோலுக்கு வரிசை, கேஸ் சிலிண்டருக்கு வரிசை, மருந்து இல்லை, பால்மாவு இல்லை. தமிழ்நாட்டில் இருந்து அரிசியும் பால்பவுடரும் மருந்தும் கப்பலில் போயின. ஜூன் மாதம் தூத்துக்குடித் துறைமுகத்தில் இருந்தே ஒரு கப்பல் போனது.

அங்கே நாடாளுமன்றம் என்ன செய்தது? ஜனாதிபதி மீது அதிருப்தி தெரிவிக்கும் தீர்மானத்தை உடனே விவாதிக்க வேண்டும், அதற்காக நிலையியல் கட்டளைகளை, அதாவது அவை நடத்தும் விதிகளை, நிறுத்தி வையுங்கள் என்று தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு உறுப்பினர் சுமந்திரன் மே 17 அன்று கேட்டார். ஆதரவு 68, எதிர்ப்பு 119. தீர்மானம் தோற்கவில்லை ஐயா, தீர்மானத்தை உடனே பேசலாமா என்ற கேள்வியே தோற்றது! எங்கள் எதிரணி கேட்கும் நிலைத்தன்மை அந்த 119-ல் கிடைத்துவிட்டது. எத்தனை நாளைக்கு? ஜூலை 9 அன்று ஜனங்கள் ஜனாதிபதி மாளிகைக்குள் நுழைந்தார்கள். 13-ஆம் தேதி அவர் நாட்டை விட்டே போனார். அவையில் பேச வேண்டியதைப் பேச விட்டிருந்தால் கோபம் முழுவதும் தெருவுக்கு வந்திருக்காது என்று நான் நம்புகிறேன்.

கிரீஸ் நாட்டையும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன். 2011 நவம்பரில் கடன் கழுத்தை நெரித்தபோது பிரதமர் பாப்பாண்ட்ரேயு நம்பிக்கை வாக்குக் கேட்டு 153-க்கு 145 என்று ஜெயித்தார். ஜெயித்தவர் சில நாளில் விலகி, பல கட்சிகள் சேர்ந்த அரசுக்கு வழிவிட்டார். வாக்கெடுப்பு அங்கே இடிக்கவில்லை, அடுத்த ஏற்பாட்டுக்கு இடம் கொடுத்தது.

நெருக்கடியில் அரசு எடுக்கிற முடிவுக்கு விலை கொடுப்பது யார்? முக்கூடலில் பீடி சுற்றுகிற அக்கா கொடுக்கிறார். ரேஷன் வரிசையில் நிற்கிற பெரியவர் கொடுக்கிறார். நம் அரசியல் சட்டத்தின் 75-ஆவது பிரிவு அமைச்சரவை மக்களவைக்குக் கூட்டாகப் பொறுப்பு என்கிறது. நல்ல காலத்தில் மட்டும் பொறுப்பு, கஷ்ட காலத்தில் கேட்காதே என்று அதில் எழுதவில்லை. சீனப் போரில் நாடு அடிபட்டு ஒரு வருஷம்கூட ஆகாத 1963 ஆகஸ்டில் நேரு மீதே எதிர்க்கட்சி உறுப்பினர் கிருபளானி நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்தார். இந்திய மக்களவையின் முதல் நம்பிக்கையில்லாத் தீர்மானம் அது. நாடு இருக்கிற இருப்பில் இதெல்லாம் வேண்டாம் என்று நேரு தட்டிக் கழிக்கவில்லை. உட்கார்ந்து கேட்டார், பதில் சொன்னார், 62-க்கு 347 என்று ஜெயித்தார்.

நடுவர் அவர்களே, 1991 ஜூலை 15 அன்று யார் ஆதரித்தார்கள், யார் எதிர்த்தார்கள் என்பது அவைக் குறிப்பில் இருக்கிறது. தன் தொகுதி உறுப்பினர் எந்தப் பக்கம் நின்றார் என்று எந்த வாக்காளரும் தேடிப் பார்க்கலாம். அதே வருஷம் மே மாதம் போன 20 டன் தங்கத்துக்கு அப்படி ஒரு பட்டியல் கிடையாது. அந்தப் பட்டியல் இல்லாமல் போனதால் நாட்டுக்கு என்ன நன்மை விளைந்தது என்பதை, எதிரணியில் அடுத்துப் பேச வரும் தங்கச்சி இந்த மேடையில் சொல்லட்டும். வணக்கம்.