தெற்கு எல்லையில் ஒரு பெயர்

நேயர்களுக்கு வணக்கம்.

என் பூட்டனாரைத் தேடிய கதையைச் சொல்லும்படி நிலையத்தார் கேட்டிருக்கிறார்கள். அவர் படைவீரரும் இல்லை, புலவரும் இல்லை, ஊர்ப் பெரியதனக்காரரும் இல்லை. சேலம் மாவட்டத்தில், சேர்வராயன் மலை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில், மானாவாரிக் காட்டில் சோளமும் கொள்ளும் விதைத்த குடியானவர். எங்கள் வீட்டில் அவரைப் பற்றி மிஞ்சியிருந்தவை இரண்டே பேச்சு. ஒன்று, "தாது வருஷத்துப் பஞ்சத்தில் கற்றாழைக் கிழங்கு தின்று பிழைத்தவர்." மற்றொன்று, "கிணற்றுக்காட்டை அவரை ஏமாற்றி எழுதி வாங்கிவிட்டார்கள்." இந்த இரண்டாவதைச் சொல்லும்போதெல்லாம் அப்பாவின் கை தானாக மேற்கே நீளும். வாங்கியவர்களின் வீடு அந்தப் பக்கம்தான்.

தாது வருஷம் என்பது 1876-77. அந்தப் பஞ்சத்தில் சென்னை மாகாணம் பட்ட பாட்டைச் சேலத்துக் கணக்கே சொல்லும். 1871 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஏறக்குறைய 19 லட்சத்து 67 ஆயிரம் பேர். 1881இல் ஏறக்குறைய 16 லட்சம். பத்து ஆண்டில் கூடியிருக்க வேண்டிய தொகை மூன்றரை லட்சத்துக்கும் மேல் குறைந்துவிட்டது. பூட்டனார் அப்போது மாடு மேய்க்கிற வயதுப் பையன் என்பார்கள். கணக்கெடுக்க வந்தவர் அவரையும் ஒரு தலையாக எண்ணியிருப்பார். தொகைகள் அச்சேறின, பெயர்கள் அச்சேறவில்லை.

பெயர் வேண்டுமென்றால் நிலத்திடம் போக வேண்டும். 1792இல் திப்பு சுல்தானிடமிருந்து சேலத்துக்கு வடக்கே உள்ள பாராமகாலும் சேலமும் கிழக்கிந்தியக் கும்பினியார் கைக்கு வந்தபோது, வரி வகுக்க வந்தவர் அலெக்சாண்டர் ரீடு. அவருக்குக் கீழே வேலை பார்த்தவர் தாமஸ் மன்றோ. இடையில் ஜமீன்தார் இல்லாமல் ஒவ்வொரு குடியானவரோடும் நேரடியாகத் தீர்வை பேசுகிற ரயத்துவாரி முறை இங்கேதான் வேர்விட்டது. இந்த ஏற்பாட்டைக் குடியானவருக்குச் செய்த உபகாரமாகப் புகழ்கிறவர்கள் உண்டு. அந்த நிலவரியை, கிஸ்தியை, கட்டியவர்களைக் கேட்டால் வேறு சொல்லியிருப்பார்கள். ஆனால் பேரனுக்கும் கொள்ளுப்பேரனுக்கும் இதில் ஒரு லாபம் இருக்கிறது. வரி கட்டியவர் பெயர் ஏட்டில் ஏறியே ஆக வேண்டும்.

ஏறிய விதத்தைப் பாருங்கள். கிராமத்து 'அ' பதிவேட்டில் புல எண், நன்செயா புன்செயா, மண் வயனமும் ரகமும், தரம், தீர்வை, பரப்பு என்று கட்டம் கட்டமாக மண்ணின் சாதகம் முழுக்க இருக்கும். கடைசிப் பக்கத்துக் கட்டத்தில், போனால் போகிறது என்று, மனிதரின் பெயர். மண்ணுக்குத் தரம் எழுதியவர்கள் மனிதருக்கு வயதுகூட எழுதவில்லை.

அந்தப் பெயரையும் நம்ப முடியாது. தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கிற குடும்பத்தில் ஒரே பெயரில் மூன்று பேர் இருந்தார்கள். செத்துப் போனவர் பெயரில் பட்டா இருபது ஆண்டு ஓடும். கிஸ்தி வந்தால் சரி என்று யாரும் மாற்ற மாட்டார்கள். போதாததற்கு என் அவசரம். இன்றைய புல எண்ணை வைத்துக்கொண்டு நான்கு மாதம் பழைய ஏடுகளில் தேடினேன். எண்கள் இடையில் மாறிவிட்டன என்பதும், 'அ' பதிவேட்டிலேயே 'பழைய புல எண்' என்று ஒரு கட்டம் இருப்பதும் பிறகுதான் கண்ணில் பட்டது. எழுதியதைப் படிக்காமல் ஏட்டைப் புரட்டினால் இப்படித்தான்.

பூட்டனார் கடைசியில் கிடைத்த இடம் அவருடைய பத்திரம் அல்ல, பக்கத்துக் காட்டுக்காரருடையது. 1903இல் எழுதிய அந்தக் கிரயப் பத்திரத்தில் நான்கெல்லை சொல்லும்போது, வடக்கே வண்டிப்பாதை, கிழக்கே ஓடை, மேற்கே புறம்போக்கு, தெற்கே இன்னார் குமாரர் இன்னார் புன்செய் என்று வருகிறது. அந்த இன்னார் என் பூட்டனார். தகப்பனார் பெயரும் சேர்ந்திருந்ததால் மூன்று பேரில் இவர்தான் என்பது உறுதியாயிற்று. தம் முன்னோரைத் தேடுகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: அக்கம்பக்கத்தாரின் பத்திரங்களைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். நம்மவர் பாதி நேரம் பிறருடைய எல்லையாகத்தான் எழுதப்பட்டிருப்பார்.

அதே பத்திரத்தில் கிணறும் வந்தது. "தெற்குக் காட்டுக் கிணற்றில் நாலில் ஒரு பாகமும், கவலை பூட்டி இறைத்துக்கொள்ளும் பாத்தியமும், மாமூல் வழிநடைப் பாத்தியமும்." கவலை என்பது எருது பூட்டித் தண்ணீர் இறைக்கிற ஏற்றம். நான்கு குடும்பம், ஒரு கிணறு, நான்கு நாளுக்கு ஒரு நாள் முறை. அந்த ஒரு வரிக்குப் பிறகுதான் எனக்கு அவர் நடமாடத் தொடங்கினார். முறை வருகிற நாளில் விடியுமுன் எருதுகளை ஓட்டிக்கொண்டு கிணற்றோரச் சரிவான வாரியில் இறங்கியிருப்பார். அடுத்த முறைக்காரர் வருவதற்குள் எத்தனை பாத்தி பாயும் என்று மனத்துக்குள் கணக்குப் போட்டிருப்பார்.

இனி அந்த 'ஏமாற்றி வாங்கிய' கதை. மேற்கு வீட்டுக்குப் போகத் தயக்கமாகத்தான் இருந்தது. அங்கே ஒரு பெரியவர் "வாருங்கள் தம்பி, உங்கள் அப்பா வந்திருக்க வேண்டிய வீடு" என்று சொல்லி, தகரப் பெட்டியைத் திறந்து மூலப் பத்திரத்தையே எடுத்து வைத்துவிட்டார். விரோதிகிருது வருடம் கார்த்திகை மாதம். 1911ஆம் ஆண்டின் கடைசி. தில்லியில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னருக்குத் தர்பார் நடந்ததும் அதே கார்த்திகைதான். வரிக் கணக்கு ஆண்டான பசலி 1321 என்றும் ஓர் இடத்தில் இருந்தது. பசலியோடு 590 கூட்டினால் நம் ஆண்டு வந்துவிடும், ஜூலையில் தொடங்குகிற ஆண்டு.

தொகையைப் படிப்பதில் தடுமாறினேன். நூறுக்கான குறி, அடுத்து 'ரு', அடுத்து பத்துக்கான குறி. நூறு ரூபாய், அப்புறம் ஏதோ பத்து என்று படித்து, "வெறும் நூற்றுப் பத்துக்கா?" என்று முகம் சுளித்தேன். பெரியவர் சிரித்தார். பழைய தமிழ் எண்ணில் 'ரு' என்றால் ஐந்து. ஐந்து பத்து ஐம்பது. தொகை நூற்றைம்பது. நூறு ரூபாயைத் தாண்டிய கிரயத்தைக் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும் என்று சட்டம் இருந்ததால், ரிஜிஸ்தர் கச்சேரி முத்திரையும் பின்பக்கம் இருந்தது.

விற்ற காரணத்தைப் பத்திரமே சொல்லியது. "கிஸ்தி பாக்கிக்காகவும் என் மகள் கலியாணச் செலவுக்காகவும்." கீழே கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கீறல், குறுக்கே இன்னொரு கீறல், இரண்டாவது கோட்டின் முடிவில் பேனாவை அழுத்திப் பிடித்ததால் மை உருண்டு நிற்கிறது. பக்கத்தில் வேறு கையில் 'இன்னார் தற்குறி' என்று எழுதியிருக்கிறது. எழுதத் தெரியாதவர் போடும் அடையாளத்துக்குப் பெயர் தற்குறி. அதை நாம் வசைச் சொல் ஆக்கிவிட்டோம். பத்திரத்தை எழுதியவர் ஊர்க் கணக்குப்பிள்ளையான கர்ணம். "வாசிக்கக் கேட்டுச் சம்மதித்து" என்று வாசகம் இருக்கிறது. வாசித்ததும் அதே கர்ணம்தான். ஆகவே அப்பா சொன்னது பொய் என்று நான் சொல்ல மாட்டேன். மேற்கு வீட்டாரைத் திருடர் என்றும் இனிச் சொல்ல மாட்டேன்.

ஆனால் அன்று இரவு தூக்கத்தைக் கெடுத்தது அந்த மகள்தான். பூட்டனாருக்கு மூன்று பையன்கள் என்றுதான் எங்கள் வீட்டுக் கணக்கு. பெண் இருந்ததாக யாரும் சொன்னதில்லை. பட்டாவில் இல்லை, பங்கு பிரித்ததில் இல்லை, பத்திரத்திலும் பெயர் இல்லை, 'என் மகள்' அவ்வளவுதான்.

அப்பாவின் சித்தி மகள் ஒருவர் இருக்கிறார், தொண்ணூற்றொரு வயது. அத்தையிடம் போய்த் தயங்கித் தயங்கிக் கேட்டேன். வெற்றிலையை மடித்துக்கொண்டே, "ஆட்டையாம்பட்டிப் பக்கம் கட்டிக் கொடுத்தார்களே, அவர்தானே? என் கலியாணத்துக்குக்கூட வந்திருந்தாரே" என்றார்.

"இத்தனை நாளாக ஏன் அத்தை சொல்லவில்லை?"

"நீங்கள் எல்லாரும் காட்டைப் பற்றித்தானே கேட்டீர்கள்" என்று சொல்லிவிட்டு, சுண்ணாம்பு டப்பாவைத் தேடத் தொடங்கினார்.

வணக்கம்.