லைட் அணைஞ்ச பிறகு ரூமுக்குள்ள என்ன ஆகுது? ஓசூர் பக்கத்துக்கான அடுக்கு விவசாயக் கணக்கு

வணக்கம்ங்க. ஓசூர், தளி, ராயக்கோட்டை பக்கம் பாலிஹவுஸ் வச்சிருக்கிறவங்க பலரும் மூடின ரூமுக்குள்ள எல்இடி லைட் வச்சு, அடுக்கு அடுக்கா லெட்டூஸ் (சாலட் கீரை) போடலாமான்னு யோசிக்கிறாங்க. போடலாம். ஆனா ரேக்குக்கு அட்வான்ஸ் கொடுக்கறதுக்கு முன்னாடி, அந்த ரூமை எக்செல்ல ஒரு தடவை ஓட்டிப் பாத்துருங்க. 1999ல கொலம்பியா பல்கலைக்கழகத்துல பேராசிரியர் டிக்சன் டெஸ்பொமியரோட மாணவர்கள் நியூயார்க்கோட மன்ஹாட்டன் மொட்டை மாடிகள்ல விளைஞ்சா எத்தனை பேருக்குச் சாப்பாடு வரும்னு பாத்தாங்க. 2 சதவீதம் பேருக்குத்தான்னு வந்ததும், கட்டடத்துக்குள்ள அடுக்கற யோசனைக்குப் போனாங்க. இந்தத் தொழிலே ஒரு கணக்குல பொறந்ததுதான்.

10க்கு 10 அடி ரூம், உயரமும் 10 அடின்னு வச்சுக்குவோம். உள்ள இருக்கற காத்து 28 கன மீட்டர். எல்லா டிரேயும் சேத்து 12 சதுர மீட்டர். லைட் 250 மைக்ரோமோல் (சதுர மீட்டருக்கு ஒரு செகண்டுல விழற, செடிக்கு உதவற வெளிச்சத்தோட அளவு), 16 மணி நேரம். சதுர மீட்டருக்கு ஒரு நாளைக்கு 14.4 மோல் வருது, லெட்டூஸுக்குத் தாராளம். ஒரு ஜூலுக்கு 2.5 மைக்ரோமோல் தர்ற எல்இடின்னா சதுர மீட்டருக்கு 100 வாட், மொத்தம் 1200 வாட். லைட்டுக்கு மட்டும் தினம் 19 யூனிட். ஏசிக்கு ஆகறது தனி.

1 டன் ஏசி 3500 வாட் சூட்டை இழுக்கும், அதனால போதும்னு விட்டுடறாங்க. பகல்ல போதும்தான். சிக்கல் லைட் அணைஞ்ச பிறகு வருது. சூடு இல்லைன்னா கம்ப்ரசர் நின்னுடும், கம்ப்ரசர் நின்னா ஈரத்தை இழுக்க ஆளில்லை. உள்ள ஃபேன் மட்டும் சுத்திட்டு இருந்தா, ஏசியோட குளிர்ந்த காயில்ல ஒட்டின தண்ணியும் திரும்ப ரூமுக்கே வந்துரும்.

இதைக் கிராம்ல பாருங்க. வளர்ந்த லெட்டூஸ் சதுர மீட்டருக்குத் தினம் 2 லிட்டர் தண்ணியை இலை வழியா ஆவியா விடுதுன்னு எடுத்தா, மொத்தம் 24 லிட்டர். அதுல பத்துல ஒரு பங்குதான் ராத்திரின்னு வச்சாலும் 8 மணி நேரத்துல 2.4 லிட்டர், அதாவது மணிக்கு 300 கிராம். 24 டிகிரியில ஒரு கன மீட்டர் காத்து 21.8 கிராம் தண்ணிதான் தாங்கும். ஹியூமிடிட்டி 70ன்னா ஏற்கனவே 15.2 கிராம் உள்ள இருக்கு. மொத்த ரூமுக்கும் மிச்ச இடம் 185 கிராம்தான். 40 நிமிஷம்கூடத் தாங்காது! ஈரம் ஏற ஏற செடி விடறது குறையும், அதனால கொஞ்சம் தள்ளிப் போகும், அவ்வளவுதான். விடியறப்போ சுவரெல்லாம் வேர்த்து நிக்கும், இலையில சாம்பல் பூஞ்சை பிடிக்கும்.

ரேக்கை ரெண்டு பாதியாப் பிரிச்சு, ஒரு பாதிக்குப் பகல்லயும் இன்னொரு பாதிக்கு ராத்திரியிலயும் லைட் போடற மாதிரி டைமர் வைங்க. ஏசிக்கு எப்பவும் வேலை இருக்கும், ஈரமும் இறங்கிட்டே இருக்கும். பைசா செலவில்லாத வழி இது.

அடுத்தது எக்ஸாஸ்ட் ஃபேன். இங்கதான் பலரும் சதவீதத்தைப் பாத்து ஏமாந்துடறாங்க. தை மாசத்துல ஓசூர் ராத்திரி, வெளிய 16 டிகிரி, ஹியூமிடிட்டி 85ன்னு வைங்க. உள்ள 70, வெளிய 85, திறந்தா ஈரம்தானே வரும்னு தோணும். ஆனா அந்தக் காத்துல இருக்கறது 11.6 கிராம்தான், உள்ள இருக்கறதை விடக் கம்மி. தாராளமாத் திறக்கலாம். அதுவே ஐப்பசி மழை ராத்திரி, 21 டிகிரி, 95ன்னா 17.4 கிராம். திறக்கவே கூடாது. அதனால ஃபேனை ஓட்டற கண்ட்ரோலர்ல சதவீதத்தை வைக்காதீங்க, கன மீட்டருக்கு எத்தனை கிராம்ங்கறதை வைங்க. வெளிய 2 கிராமாவது கம்மியா இருந்தா ஃபேன் ஓடட்டும். காத்து உள்ள வர்ற வழியில பூச்சி வலை கட்டாயம். சுத்தியும் ரோஜா பாலிஹவுஸ் இருக்கற ஊர்ல இலைப்பேன் வராம இருக்காது. வலை காத்தைத் தடுக்கும், அதனால அந்த வழியை ஃபேனை விடப் பெருசா விடுங்க.

நடு இலை ஓரம் கருகினா கால்சியத்தை ஊத்தாதீங்க. செடிக்குப் போற உரத் தண்ணித் தொட்டியில கால்சியம் இருக்கு, காத்தோட்டம் இல்லாததால குருத்துக்குப் போய்ச் சேரலை. சின்ன ஃபேனை மேல இருந்து குருத்து மேல படற மாதிரித் திருப்புங்க, இலை லேசா ஆடினாப் போதும்.

சென்சாரை லைட்டுக்கு நேர் கீழ மாட்டினா அது சூடேறி ஈரத்தைக் குறைச்சுக் காட்டும். வெள்ளை மறைப்பு போட்டு, செடி உயரத்துல மாட்டுங்க.

செடி தினம் ஆவியா விடறதா எடுத்த அந்த 2 லிட்டரை உங்க ரூமுக்குச் சரி பண்ண லேப் எதுவும் வேண்டாம். மூடி போட்ட தொட்டியில தினம் ஒரே நேரத்துல, அளவுக்கோடு வரைக்கும் எத்தனை லிட்டர் ஊத்தறீங்கன்னு எழுதுங்க. 24 லிட்டருக்குப் பதிலா 15 வந்தா, ஷீட்ல அந்த 15ஐப் போட்டு மறுபடி ஓட்டுங்க.