எண்ணெய்க் கிணற்று மெழுகுக்குக் காந்தம்: எங்கே பலிக்கும், எங்கே பலிக்காது

[திரை: குறுக்கே வெட்டிய டியூபிங் குழாய், உள்சுவர் முழுக்கப் பழுப்பு மெழுகு]

கிணற்றிலிருந்து எண்ணெயை மேலே கொண்டுவரும் இந்தக் குழாய்க்கு, அதாவது டியூபிங்குக்கு, உள்விட்டம் 62 மில்லிமீட்டர். எண்ணெய் ஏறுவதற்கு இப்போது மிச்சமிருப்பது ஒரு விரல் நுழையும் ஓட்டைதான். கிணற்றடிச் சூட்டில் இந்த மெழுகு எண்ணெயில் கரைந்துதான் இருந்தது. மேலே ஏற ஏற எண்ணெய் ஆறுகிறது. அழுத்தம் குறைந்து வாயு பிரியும்போது, மெழுகைக் கரைத்து வைத்திருந்த லேசான பகுதியும் கூடவே போய்விடுகிறது. ஒரு வெப்பநிலைக்குக் கீழே மெழுகுப் படிகங்கள் தோன்றிச் சுவரில் ஒட்டத் தொடங்கும்.

சீனாவின் டாச்சிங் வயல் கச்சாவில் 20 சதவீதத்துக்கு மேல் மெழுகு. மெழுகு ஒட்டாமல் தடுக்கக் காந்தக் கருவிகளைக் கிணற்றில் இறக்கிப் பார்த்த வயல்களில் அதுவும் ஒன்று.

[திரை: கருவியின் வெட்டுத்தோற்றம்]

உடல் காந்தம் ஏறாத ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். உள்ளே நிரந்தரக் காந்தங்கள், புலம் ஓட்டத்துக்குக் குறுக்கே வரும்படி. சாதாரண எஃகுக் குழாயின் வெளியே காந்தத்தைக் கட்டினால், புலத்தில் பெரும்பகுதியைக் குழாய்ச் சுவரே விழுங்கிவிடும். சாதா நியோடிமியம் 80 டிகிரி செல்சியஸ் வரைதான் தாங்கும். அதைத் தாண்டினால் போன வலிமை ஆறிய பிறகும் திரும்பாது. சூடான கிணற்றுக்கு 150 டிகிரி ரகம் அல்லது சமாரியம் கோபால்ட் வாங்குங்கள்.

எந்த ஆழம்? படிகம் தோன்றும் முன்பே எண்ணெய் காந்தத்தைக் கடக்க வேண்டும். கிணறு ஓடும்போதே வெப்பநிலை அளந்து பாருங்கள். 2,000 மீட்டரில் 75 டிகிரி, கிணற்றுத் தலையில் (தரைமட்டத்தில்) 35, மெழுகு தோன்றுவது 45 என்றால், நேர்கோட்டுக் கணக்கில் 500 மீட்டர். நிஜ வளைவு நேராக இருக்காது. இன்னும் 100 மீட்டர் கீழே வையுங்கள். ராட் பம்ப் (மேலிருந்து நீளும் கம்பியால் இயங்கும் பம்ப்) உள்ள கிணற்றில் அந்த எஃகு ராட் நடுவே போவதால், பம்புக்குக் கீழே மாட்டுவதே நல்லது.

[திரை: கடிகாரம், பக்கத்தில் நகரும் எண்ணெய்த் துளி]

விற்பவர்கள் சொல்லாத கணக்கு இது. 2006-ல் டெம்பிள் பல்கலைக்கழக ஆய்வில், 1.3 டெஸ்லா புலத்தில் சுமார் 50 விநாடி வைத்த கச்சாவின் பாகுத்தன்மை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. பிறகு சில மணி நேரத்தில் மெல்ல ஏறிவிட்டது. நம் கிணறு நாளுக்கு 20 கனமீட்டர் தருகிறது என்று வையுங்கள். 62 மில்லிமீட்டர் குழாயில் ஒரு மீட்டர் நீளக் கருவியைக் கடக்க 13 விநாடிதான். 100 கனமீட்டர் என்றால் மூன்று விநாடிகூட இல்லை. பாதை குறுகினால் இன்னும் குறையும். ஆய்வகப் பலனை அப்படியே எதிர்பார்க்காதீர்கள். காந்தம் எப்படி வேலை செய்கிறது என்பதிலும் ஆய்வாளர்கள் ஒத்துப்போகவில்லை; தனி மெழுகு மூலக்கூறின் வெப்ப அசைவுக்கு முன்னால் இந்தப் புலத்தின் ஆற்றல் மிக அற்பம்.

ஏற்கெனவே ஒட்டிய மெழுகைக் காந்தம் கரைக்காது. முதலில் சுவரைச் சுரண்டும் ஸ்கிராப்பரோ சூடான எண்ணெயோ விட்டுக் குழாயைச் சுத்தமாக்குங்கள். அரிப்பில் உதிரும் மேக்னடைட்டும் (காந்தம் இழுக்கும் இரும்பு ஆக்சைடு) இரும்புச் சீவலும் காந்தத்தில் சேர்ந்து வழியை அடைக்கும். கம்பியில் கட்டி இறக்கும் வயர்லைன் ஸ்கிராப்பரைக் கருவிக்கு மேலேயே நிறுத்துங்கள், எஃகு ஒட்டிக்கொள்ளும்.

பலன் பார்க்க: கருவி மாட்டுவதற்கு முன்னும் பின்னும், ஒரு சுரண்டலுக்கும் அடுத்ததற்கும் இடையே எத்தனை நாள் என்று மூன்று மூன்று முறை குறியுங்கள், அதே சோக்கில் (ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் குறுகிய திறப்பு), அதே உற்பத்தியில். நீர் சதவீதத்தையும் கூடவே எழுதுங்கள். தண்ணீர் கூடிச் சுவர் நனைந்தாலே மெழுகு குறையும். பேர் காந்தத்துக்குப் போய்விடும். கிணறு ஒரு நாள் மூடிக் கிடந்தால், திறந்ததும் ஒருமுறை ஸ்கிராப்பர் விடுங்கள்.