விடுவித்தவரிடமிருந்தும் விடுதலை

நேயர்களுக்கு வணக்கம்.

ஒரு நாட்டை அந்நிய ஆட்சியிலிருந்து மீட்டவர்களே பிறகு எசமானர்களாக வந்து அமர்ந்துகொண்டால் அந்த மக்கள் என்ன செய்வார்கள்? 1878க்குப் பின் பல்கேரியாவுக்கு வந்த சோதனை இது. அதை எதிர்கொண்டவர்களில் முதன்மையானவர் ஸ்தெஃபான் ஸ்தம்போலோவ். அவரைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

அவர் 1854இல் தர்னோவோ நகரில் பிறந்தார். அன்று ரஷ்யப் பேரரசிலிருந்த ஒதேசா நகரில் சமயக் கல்வி பயிலப் போனவர், புரட்சிக்காரர்களோடு பழகியதால் வெளியேற்றப்பட்டார். கவிஞர் ஹிரிஸ்தோ போதேவோடு சேர்ந்து கவிதைத் தொகுப்பு ஒன்றும் வெளியிட்டார். துருக்கிய சுல்தானுக்கு எதிரான 1875, 1876 கிளர்ச்சிகளில் முன்நின்றார். கிளர்ச்சிகள் நசுக்கப்பட்டன. அடுத்து ரஷ்யா போர் தொடுத்து வென்றதால் பல்கேரியா பிறந்தது. ஆனால் பெர்லின் உடன்படிக்கை அதைத் துண்டாடியது: வடக்கே சுல்தானுக்குக் கப்பம் கட்டும் சிற்றரசு, தெற்கே சுல்தானின் மாகாணமாகக் கிழக்கு ருமேலியா.

1885 செப்டம்பரில் கிழக்கு ருமேலியாவின் தலைநகரான ப்ளோவ்தீவ் நகர மக்கள் எழுந்து இரு பகுதிகளையும் இணைத்துவிட்டார்கள். வடக்குச் சிற்றரசை ஆண்ட இளவரசர் அலெக்சாந்தர் தயங்கினார். ரஷ்யப் பேரரசர் சினம் கொள்வார் என்ற அச்சம். நாடாளுமன்றத் தலைவராக இருந்த ஸ்தம்போலோவ், ஒன்று ப்ளோவ்தீவுக்குப் போங்கள், இல்லையென்றால் சொந்த ஊரான ஜெர்மனிக்குத் திரும்புங்கள் என்ற பொருள்பட முகத்துக்கு நேராகவே சொன்னார். இளவரசர் ப்ளோவ்தீவுக்குப் போனார். ரஷ்யா தன் படை அதிகாரிகளை விலக்கிக்கொண்டது. நவம்பரில் செர்பியா படையெடுத்தபோது, உயர்ந்த பதவி கேப்டன் என்றிருந்த இளம் பல்கேரிய அதிகாரிகள் ஸ்லிவ்னிட்சாவில் வென்று காட்டினார்கள்.

என் மனத்தில் அவர் ஓங்கி நிற்பது 1886இல்தான். அந்த ஆகஸ்ட்டில் ரஷ்யச் சார்புள்ள அதிகாரிகள் இரவோடு இரவாக இளவரசரைச் சிறைப்பிடித்து, டான்யூப் ஆற்றின் வழியே நாட்டைவிட்டே கொண்டுபோனார்கள். ஸ்தம்போலோவ் தர்னோவோவிலிருந்து எதிர்ப்பைத் திரட்டினார். ப்ளோவ்தீவில் அவருடைய மைத்துனர் முத்குரோவின் படை உடன் நின்றது. சில நாட்களிலேயே சதி கலைந்தது. ஆனால் திரும்பி வந்த இளவரசரோ மணிமுடியை ரஷ்யப் பேரரசர் கையிலேயே ஒப்படைப்பதாகத் தந்தி அடித்துவிட்டுப் பதவி துறந்தார். எத்தனை பெரிய ஏமாற்றம்! 32 வயதில் ஸ்தம்போலோவ் ஆட்சிப் பொறுப்பாளர்களில் ஒருவரானார். ரஷ்யாவிலிருந்து வந்த ஜெனரல் காவுல்பார்ஸ் தேர்தலைத் தள்ளிவைக்கச் சொல்லி ஊர் ஊராகப் பேசினார். தேர்தல் தள்ளிவைக்கப்படவில்லை. ரஷ்யா உறவை முறித்துக்கொண்டது. அப்போதும் அவர் பணியவில்லை.

1887இல் புதிய இளவரசராக ஃபெர்டினாண்டை அரியணை ஏற்றி, ஏழாண்டுகள் பிரதமராக இருந்தார். ஒருகாலத்தில் ஆயுதம் ஏந்தி எதிர்த்த சுல்தானிடமே பேச்சு நடத்தி, இன்னும் சுல்தானின் ஆட்சியில் இருந்த மாசிடோனியாவில் பல்கேரிய ஆயர்களுக்கு அங்கீகாரம் பெற்றார். அதே கைதான் எதிர்க்கட்சிகளை ஒடுக்கியது. சதி செய்த மேஜர் பனீட்சா 1890இல் சுட்டுக்கொல்லப்பட்டார். நாட்டின் தன்னாட்சியைக் காத்தவர் நாட்டுமக்களின் உரிமையைக் காக்கவில்லை; அவரைப் போற்றும் எனக்கும் இது உறுத்துகிறது.

1894இல் பதவி விலகினார். அடுத்த ஆண்டு ஜூலையில் சோஃபியா தெருவில் அவரை வழிமறித்து வெட்டினார்கள். மூன்று நாட்களில் உயிர் பிரிந்தது. மறுவருடம் ஃபெர்டினாண்ட் தன் மகனை, ரஷ்யர்களும் பல்கேரியர்களும் பின்பற்றிய கிழக்கத்திய மரபுவழிச் சபையில் சேர்த்து ரஷ்யாவோடு சமாதானமானார். முழு விடுதலை அறிவிக்கப்பட்டது 1908இல். பிரிந்து கிடந்த நாட்டின் இரு பாதிகள் அதற்கு 23 ஆண்டுகள் முன்னரே ஒன்றாகியிருந்தன.