அட்டைக்கு உப்பு வைத்த கதை

வணக்கம். கடலுக்கு வெகுதூரத்தில், மலையில் இருந்துகொண்டு உப்பில் வளரும் செடிகளைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். சரி, நமக்குத் தெரிந்த அட்டையில் இருந்தே தொடங்குகிறேன். மழை நாளில் கொழுந்து பறிக்கப் போகும்போது காலில் ஏறிய அட்டை மேல் உப்பு வைத்தால் சுருண்டு விழுகிறது அல்லவா? உடம்பில் உள்ள தண்ணீரை உப்பு வெளியே இழுத்துவிடுகிறது. அவசரப்பட்டு வேரடியில் உரத்தைக் குவித்தால், மண் ஈரமாக இருக்கும்போதே லீக்ஸ் நுனி கருகுவதும் ஏறக்குறைய இதே சங்கதிதான். தண்ணீரில் நின்றுகொண்டே செடி தாகத்தில் வாடுகிறது.

கடல் தண்ணீரில் லீட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. புத்தளம் களப்புப் பக்கம் போனவர்கள் பார்த்திருப்பீர்கள், அந்த உவர் சேற்றில் கண்டல் மரம் பச்சைப்பசேல் என்று நிற்கும். அது வாசலிலேயே ஆளை நிறுத்திவிடுகிற ரகம்: உப்பில் 90 வீதத்துக்கும் மேல் வேரிலேயே தடுத்துவிடும். கண்ணா மரமும் வேரில் தடுக்கும், ஆனால் தப்பி உள்ளே வந்த உப்பை இலையில் உள்ள நுண்ணிய சுரப்பிகளால் வெளியே தள்ளும். வெயில் நேரத்தில் அந்த இலையை நக்கிப் பாருங்கள், கரிக்கும்.

எனக்குப் பிடித்தது உவர் நிலத்தில் வளரும் உமிரிச் செடிதான். கள்ளனை வீட்டுக்குள் கூப்பிட்டு அறையில் பூட்டுகிற மாதிரி, உப்பைக் கலத்தின் புன்வெற்றிடத்துக்குள், அதாவது கலத்துக்குள்ளேயே இருக்கும் பை போன்ற அறைக்குள், அடைத்து வைக்கும். அப்படி உள்ளே உப்புச் சேர்ந்தால்தான் வெளியே உள்ள உவர்த் தண்ணீரை வேர் இழுக்க முடியும். இதில் ஒரு சிக்கல் உண்டு, பூட்டிய உப்பு கலத்தின் மற்றப் பகுதியில் உள்ள தண்ணீரையும் உறிஞ்சப் பார்க்கும், அதைச் சமாளிக்கப் புரோலின், கிளைசின் பீட்டைன் போன்ற தீங்கில்லாத பொருட்களைச் செடியே தயாரித்து அங்கே நிரப்பிக்கொள்கிறது. சும்மா வராது, இதற்கெல்லாம் சக்தி செலவாகும். உப்பு நிலத்தில் பயிர் மெதுவாக வளர்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

நெல்லிலும் உவரைத் தாங்கும் இனங்கள் இருக்கின்றன. கேரளத்துப் பொக்காளி பேர்போனது, நம் நாட்டில் ஏ.டி. 354 இருக்கிறது.

நம் லீக்ஸுக்கோ கரட்டுக்கோ இந்த வித்தை கைவராது. அதனால் உரத்தை வரிசைக்கு நடுவில், கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துப் போட்டு, அன்றைக்கே தண்ணீர் விடுங்கள்.