மேலே ஏறினால் வெயில்

நேயர்களுக்கு வணக்கம்.

மார்கழி, அதாவது டிசெம்பர், விடுமுறை கிட்ட வந்தால் மட்டக்களப்பில் பல வீடுகளுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வரும். "இந்த முறை பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வாங்க, டிக்கெட்டை நாங்க பார்த்துக்கொள்ளுறம்" என்று சுவிஸில் இருந்தோ பாரிஸில் இருந்தோ நோர்வேயில் இருந்தோ ஒரு பெரியம்மா, ஒரு மாமா கூப்பிடுவார். இங்கே மாரி மழை கொட்டுகிற நேரம். பள்ளிக்கூடமும் பூட்டு. பிள்ளைக்கோ அன்றைக்கே கால் தரையில் நிற்காது.

அப்படிப் போகிற பிள்ளைக்கு அங்கே எதைக் காட்டலாம் என்று பேசச் சொல்லித்தான் என்னை இங்கே கூப்பிட்டிருக்கிறார்கள். நான் புவியியல் படிப்பித்தவள். பதினைந்து நிமிடம் தந்திருக்கிறார்கள். என்னிடம் படித்தவர்கள் யாராவது கேட்டுக்கொண்டிருந்தால் இப்போதே சிரிப்பார்கள், டீச்சர் பதினைந்து நிமிடத்தில் இடாப்புக் கூப்பிட்டே முடிக்க மாட்டா என்று. பார்ப்போம்.

முதலில் என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். கோபுரங்களைக் குறையுங்கள். பிள்ளையை வீட்டில் இருக்க விடுங்கள். ஐரோப்பாவில் உள்ள நம் உறவினர்கள் அன்பு மிகுந்தவர்கள். அந்த அன்பில், இரண்டு கிழமைக்குள் ஐந்து நாட்டைக் காட்டிவிட வேண்டும் என்று இரவிரவாகக் கார் ஓடுவார்கள். பிள்ளை பின் சீற்றில் நித்திரை. எழுப்பினால் ஒரு தேவாலயம், படம் எடு. திரும்ப நித்திரை. திரும்ப எழுப்பினால் ஒரு கோபுரம், படம் எடு. ஊருக்கு வந்த பிறகு அந்தப் படங்களைக் காட்டி "இது எந்த ஊர் மகள்?" என்று கேட்டுப் பாருங்கள். தாயின் முகத்தைப் பார்க்கும்.

என் பேத்தி புலமைப்பரிசில் பரீட்சை எழுதி முடித்த வருடம், சுவிஸின் பேர்ண் நகரில் இருக்கிற அவளுடைய பெரியம்மா, அதாவது என் மூத்த மகள், கூப்பிட்டாள். நானும் கூடப் போனேன். அங்கே அந்தப் பிள்ளை முதலில் கண்டது மலையையும் இல்லை, பனியையும் இல்லை. இருட்டைத்தான் கண்டது.

போய்ச் சேர்ந்த மறுநாள் எங்கள் ஊர் நேரத்துக்கே எழும்பிவிட்டாள். அங்கே நேரம் நமக்கு நாலரை மணித்தியாலம் பின்னால். விடியுமென்று யன்னலடியில் இருந்தாள். ஐந்து, ஆறு, ஏழு. விடியவில்லை. எட்டு மணி கழிந்துதான் வெளிச்சம் ஒழுங்காக வந்தது. மார்கழி 21, 22 அளவில் பேர்ணில் சூரியன் எட்டேகாலுக்குக் கிட்ட உதித்து நாலே முக்காலுக்குக் கிட்ட மறைந்துவிடும். பகல் மொத்தம் எட்டரை மணித்தியாலம். நமக்கு அதே நாளில் ஆறேகாலுக்குக் கொஞ்சம் முன்னால் உதித்து, பின்னேரம் ஆறுக்குக் கொஞ்சம் முன்னால் மறையும். பதினொரு மணித்தியாலத்துக்கு மேல் பகல். வருடத்திலேயே நமக்குக் குறுகிய பகல் அதுதான், அது குறுகியது என்று நாம் உணருவதே இல்லை.

இதைப் பாடப்புத்தகத்தில் நான் எத்தனையோ வகுப்புக்குப் படிப்பித்திருக்கிறேன். பூமியின் அச்சு இருபத்துமூன்றரைப் பாகை சாய்ந்திருக்கிறது, மார்கழியில் வட அரைக்கோளம் சூரியனுக்கு விலகிச் சாய்ந்திருக்கிறது, வடக்கே போகப் போகப் பகல் குறையும். கரும்பலகை இருந்தால் கீறிக் காட்டியிருப்பேன், வானொலியில் அது ஏலாது. ஆனால் அந்த யன்னலுக்குக் கரும்பலகை தேவைப்படவில்லை.

அந்த இருட்டுக்குள்தான் அவள் இன்னொன்றையும் கண்டாள். பெரியப்பா வேலைக்குப் போவதை. அவர் ஒரு முதியோர் இல்லத்தின் குசினியில் வேலை. காலை ஐந்தரைக்கு வீட்டை விட்டு இறங்குவார், திரும்பி வரும்போது தெரு விளக்குகள் எரிந்துகொண்டிருக்கும். போகும்போதும் இருட்டு, வரும்போதும் இருட்டு. ஊருக்கு வரும்போது சொக்லேட்டும் சென்ற் போத்தலும் கொண்டு வருகிற பெரியப்பாவைத்தான் அவளுக்குத் தெரியும். சப்பாத்துக் கயிற்றைக் கட்டிக்கொண்டு விடியப்புறம் கதவடியில் நிற்கிற பெரியப்பாவைத் தெரியாது. மூன்றாவது நாளோ என்னவோ, கேட்டுவிட்டாள்.

"பெரியப்பா, நீங்க எப்ப வெயிலப் பாக்கிற?"

"ஞாயிற்றுக்கிழமை, புள்ள. அதுவும் பனிப்புகார் இல்லாட்டி."

வீட்டில் இருக்க விடுங்கள் என்று நான் சொல்வது இதற்காகத்தான். இந்தக் கேள்வி எந்தக் கோபுரத்துக்குக் கீழே நின்றாலும் வராது.

சரி, அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். இதைச் சொல்லத்தான் நான் வந்ததே.

அன்றைக்கும் புகார்தான். நாலைந்து நாளாக வானம் சாம்பல் நிறம், எதிர்க் கட்டடம் தெரியவில்லை. பெரியப்பா, "வாங்க, வெயிலைத் தேடிப் போவம்" என்று ரயிலேற்றினார். பேர்ணில் இருந்து லூசேர்ண் ஒரு மணித்தியாலம். அங்கே ஏரியில் கப்பல். விட்ஸ்நவ் என்ற சின்னக் கரையூரில் இறங்கினால் சிவப்பு நிறத்தில் ஒரு பற்சக்கர ரயில் நிற்கும். தண்டவாளங்களுக்கு நடுவே பல்லுப் பல்லாக ஒரு இரும்புச் சட்டம். ரயிலின் அடியில் உள்ள சக்கரம் அதைக் கடித்துக் கடித்து ஏறும். 1871 இல் ஓடத் தொடங்கியது, ஐரோப்பாவின் முதல் மலை ரயில் அது. றிகி என்ற மலைக்குப் போகிறது.

ரயில் ஏறத் தொடங்க, பேத்தி தொப்பியைக் காதுக்கு இழுத்துவிட்டு, கையுறையை மாட்டி, கழுத்துச் சால்வையையும் சுற்றிக்கொண்டாள். நுவரெலியாவுக்குப் போன பிள்ளை அது. மேலே போகப் போகக் குளிரும் என்று தெரியும். ஆயிரம் மீற்றருக்கு ஏறக்குறைய ஆறரைப் பாகை குறையும் என்று அவளுக்கு நானே சொல்லியிருக்கிறேன், பேத்தியாகப் பிறந்த பாவத்துக்கு. பாதி வழி வெளியே ஒன்றுமே தெரியவில்லை, கண்ணாடிக்கு அப்பால் வெறும் வெள்ளை. அப்புறம் ஒரு வளைவு. திடீரென்று முகத்தில் வெயில். நீல வானம். பெட்டியில் இருந்த அத்தனை பேரும் ஒரே நேரத்தில் கண்ணைச் சுருக்கினார்கள்.

உச்சியில் இறங்கிப் பார்த்தால், நாங்கள் வந்த ஊரெல்லாம் கீழே மூடுபனிக்குள் போய்விட்டது. மாரியில் வாவி முட்டி, வயலும் வாய்க்காலும் தெரியாமல் ஒரே வெள்ளமாகக் கிடக்குமே, அப்படி. மலை உச்சிகள் மட்டும் தீவு தீவாக மேலே. ஏரிக்கரை நிலையத்தில் பலகை பூச்சியம் பாகை காட்டியது. உச்சியில் ஏழு. பிள்ளை சால்வையைக் கழற்றினாள், கையுறையைக் கழற்றினாள், ஜக்கெட்டின் சிப்பையும் திறந்துவிட்டாள். பிறகு இடுப்பில் கை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"அம்மம்மா, மேல போனா குளிரும் எண்டுதானே சொன்ன நீங்க?"

நேயர்களே, ஒரு புவியியல் டீச்சருக்கு இதைவிடப் பெரிய சந்தோசம் கிடைக்குமா? அந்த இடத்திலேயே, பனியில் நின்றுகொண்டு, பாடம் எடுத்தேன். மாரியில் அங்கே இரவு நீளம். தரை தன் சூட்டை இரவு முழுக்க வானத்துக்கு விட்டுவிட்டுக் குளிர்ந்துபோகிறது. தரையைத் தொடுகிற காற்றும் குளிர்கிறது. குளிர்ந்த காற்று பாரமானது, தாழ்வான இடத்தைத் தேடி வடிந்து தேங்கும். சுவிஸில் ஜூரா மலைகளுக்கும் அல்ப்ஸ் மலைகளுக்கும் நடுவில் ஒரு தாழ்நிலம் கிடக்கிறது. சனம் கூடுதலாக இருப்பதும் அங்கேதான், பேர்ண், சூரிச் எல்லாம் அதற்குள்தான். காற்று அடிக்காத நாட்களில் அந்தக் குளிர் அங்கேயே தேங்கி நிற்க, ஈரம் மூடுபனியாகிவிடும். மேலே இருக்கிற இளஞ்சூடான காற்று அதைக் கிளம்ப விடாது. பகல் வெயிலுக்கோ அதைக் கலைக்கப் பலம் காணாது. ஆகவே கீழே குளிர், மேலே வெயில். விதி தலைகீழாகும் நாட்களும் உண்டு, உண்டாவதற்குக் காரணமும் உண்டு. இன்னொன்றும் சொன்னேன்: றிகி உச்சி ஏறக்குறைய 1800 மீற்றர், நுவரெலியா நகரமே அதைவிடக் கொஞ்சம் உயரம். அவளுக்கு அது நம்ப முடியாமல் இருந்தது. "அப்ப அங்க ஏன் ஸ்னோ இல்ல?" என்றாள். கேள்வி கேள்வியைப் பெறும்.

அதற்குள் நடுப்பகல் ஆகிவிட்டது. நான் அவளை நிமிர்ந்து நிற்கச் சொன்னேன். நிழல் பனியில் நீட்டி விழுந்தது. அடி வைத்து அளக்கச் சொன்னேன். நேயர்களே, நடுப்பகலில் அவளுடைய நிழல் அவளைவிட மூன்று மடங்குக்குக் கொஞ்சம் குறைவு! அந்த நாட்களில் அங்கே உச்சிப்பொழுதில்கூடச் சூரியன் அடிவானத்தில் இருந்து இருபது பாகை அளவுதான் ஏறும். அதே மார்கழியில் நம் மட்டக்களப்புக் கல்லடிக் கடற்கரையில் நடுப்பகலில் நில்லுங்கள், நிழல் உங்கள் உயரத்தில் பாதியைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். வெயில் இப்படிச் சரிந்து விழுந்தால் எப்படிச் சூடு வரும்? ஐரோப்பாவின் மாரிக் குளிருக்கு முக்கால்வாசிக் காரணம் அந்த நிழலில் கிடக்கிறது. இதற்குக் காசு வேண்டாம், நுழைவுச்சீட்டு வேண்டாம். இங்கேயும் செய்யலாம். ஊரில் நிற்கிற தம்பி தங்கையை அதே நாளில் இங்கே நடுப்பகலில் ஒரு தடியை நட்டு அளக்கச் சொல்லுங்கள், மழை விட்டால். வாட்சப்பில் இரண்டு அளவையும் ஒப்பிடட்டும்.

பெரியப்பா அந்த நேரம் ஒரு வாங்கில் கண்ணை மூடி முகத்தை வெயிலுக்குக் காட்டிக்கொண்டு இருந்தார். கூப்பிட வேண்டாம் என்று பிள்ளையே எனக்குச் சைகை காட்டினாள்.

நோர்வேயில் உறவினர் இருப்பவர்களுக்கு இதில் ஒரு சொல் கூடுதலாகச் சொல்ல வேண்டும். ஒஸ்லோவில் மார்கழிப் பகல் ஆறு மணித்தியாலம்தான். இன்னும் வடக்கே, மீன் தொழிற்சாலைகளுக்கு நம் ஆட்கள் வேலைக்குப் போன பகுதிகளில், கிழமைக்கணக்காகச் சூரியன் எழும்பவே எழும்பாது. அங்கே ஒரு மாமி "எனக்கு இங்கே மனம் சோர்ந்து போகுது" என்று போனில் சொன்னால், அது வெறும் பேச்சில்லை.

யுங்ஃபிராவ் மலைக்குப் போகவில்லையா என்று கேட்பீர்கள். போகவில்லை. 3454 மீற்றரில் ரயில் நிலையம், 1912 இல் திறந்தது, ஐரோப்பாவிலேயே உயரமான நிலையம், எல்லாம் சரி. ஆனால் கடல் மட்டத்துப் பிள்ளையை ஒரே மூச்சில் அந்த உயரத்துக்கு ஏற்றினால் சிலருக்குத் தலையிடி வரும், சத்தி வரும். டிக்கெட் விலையைக் கேட்டால் நமக்கு வரும்.

அடுக்குமாடி வீட்டைப் பற்றி ஒன்றிரண்டு. உடுப்புக் கழுவுகிற இயந்திரம் பல கட்டடங்களில் நிலவறையில் எல்லாருக்கும் பொதுவாக இருக்கும், ஒவ்வொரு வீட்டுக்கும் முறை நாள் உண்டு. ஞாயிறென்றால் கழுவக்கூடாது, சத்தம் போடக்கூடாது. வந்த பிள்ளையையும் கூடையைத் தூக்க விடுங்கள். அப்புறம், ஹீட்டர் போட்ட வீட்டுக் காற்று மிகவும் வறட்சி. உதடு வெடிக்கும், நல்ல தேங்காயெண்ணெய் கொண்டு போங்கள். கம்பளி உடுப்பைக் கழற்றிவிட்டுக் கதவுப் பிடியைத் தொட்டால் விரலில் சுளீரென்று ஒரு மின்பொறி அடிக்கும். பிள்ளை பயந்துவிடும், பிறகு அதையே விளையாட்டாக்கிவிடும். நம் ஊர்க் காற்றில் ஈரம் கூட, மின்னேற்றம் தங்குவது கஷ்டம். தடித்த ஜக்கெட்டைக் கொழும்பில் அலைந்து வாங்காதீர்கள். அங்கே அண்ணாவுக்கு, அக்காவுக்கு அளவில்லாமல் போன உடுப்பு அலுமாரி நிறையக் கிடக்கும்.

ரயில் நிலைய மணிக்கூட்டை மறந்துவிடப் போகிறேன்! சுவிஸ் நிலையங்களில் வெள்ளை முகம், கறுப்பு முள், சிவப்பு வினாடி முள். 1944 இல் ஹான்ஸ் ஹில்ஃபிக்கர் என்ற ரயில்வே பொறியியலாளர் வடிவமைத்தது, சிவப்பு முள் பின்னர் வந்தது. அதன் நுனியில் உள்ள வட்டம், ரயிலை அனுப்ப நிலைய அலுவலர் அந்தக் காலத்தில் தூக்கிக் காட்டிய சிவப்புத் தட்டைப் பார்த்துச் செய்தது. அந்த முள் ஐம்பத்தெட்டரை வினாடியில் ஒரு சுற்றை முடித்துவிட்டு, மேலே வந்து ஒரு கணம் நின்றுவிடும். தலைமை மணிக்கூட்டில் இருந்து சைகை வந்தால்தான் நிமிட முள் தாவும், பிறகுதான் இதுவும் ஓடும். எல்லா நிலையங்களும் ஒரே நிமிடத்தில் இருப்பதற்காக அந்த ஏற்பாடு. என் பேத்தி இரண்டு ரயிலை விட்டுவிட்டு அதைப் பார்த்தாள். நானும்தான்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தம்பி கை காட்டுகிறார். மூன்று நிமிடமாம்.

பேர்ணில் ஒரு இடம் மட்டும் கட்டாயம் போங்கள். சமயங்களின் இல்லம், 2014 மார்கழியில் திறந்தது. ஒரே கூரைக்குக் கீழே நம் கோயில், பள்ளிவாசல், தேவாலயம், பௌத்த நிலையம், துருக்கியில் வேர்கொண்ட அலெவி சமயத்தவரின் மண்டபம். மட்டக்களப்பு, அம்பாறைப் பிள்ளைகள் அதைப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. முஸ்லிம்கள் வாழும் காத்தான்குடிக்கும் தமிழர் வாழும் ஆரையம்பதிக்கும் நடுவில் பஸ்ஸில் போய் வருகிற பிள்ளைக்கு அங்கே கேட்க நிறையக் கேள்வி இருக்கும்.

பாரிஸுக்கென்று இரண்டு பக்கம் எழுதி வந்தேன், அது போச்சு. ஈபிள் கோபுரம் 1889 இல் கட்டி முடித்தது, இப்போது 330 மீற்றர், குளிரில் இரும்பு சுருங்குவதால் கோடையைவிட மாரியில் சில சென்ரிமீற்றர் குறைவு. இதைப் பிள்ளைக்குச் சொல்லிவிட்டுக் காட்டுங்கள். ஏறாவிட்டாலும் பரவாயில்லை. தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலில் ஒரு பிளேன்ரீ குடியுங்கள்.

விசா பற்றிக் கேட்டிருந்தார்கள், அவசரமாகச் சொல்கிறேன். ஷெங்கன் விசாவில் சுவிஸ், பிரான்ஸ், ஜேர்மனி, நோர்வே எல்லாம் அடங்கும், லண்டன் அடங்காது, அதற்கு வேறு. 180 நாளுக்குள் 90 நாளுக்கு மேல் நிற்க முடியாது. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்புறுதி வேண்டும். பன்னிரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குக் கைரேகை எடுக்கமாட்டார்கள். தாயோ தகப்பனோ கூடப் போகாவிட்டால், போகாதவரின் சம்மதக் கடிதமும் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழும் கையோடு இருக்கட்டும். கார்த்திகையில் ஓடித் திரியாமல் புரட்டாதியிலேயே விண்ணப்பத்தைத் தொடங்குங்கள்.

சரி தம்பி, முடித்துவிட்டேன். வணக்கம்.