டிஸ்ரிபியூட்டர் ஸ்பிரிங்கை மாற்றினால் மொறிஸ் மைனரின் இழுவை கூடுமா?

வணக்கம். பிளக்குகளுக்கு மின்பொறியைப் பங்கிட்டு அனுப்புகிற டிஸ்ரிபியூட்டரைப் பற்றி கல்முனையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அண்ணே, என்னட்ட 1098 சிசி மொறிஸ் மைனர் ஒண்டு இருக்கு. எலக்ட்ரோனிக் இக்னிஷன் போட்டாச்சு. இனி டிஸ்ரிபியூட்டருக்குள்ள இருக்கிற ரெண்டு ஸ்பிரிங்கையும் மெல்லிசா மாத்தி, வக்கியூமையும் கழட்டிவிட்டா இழுவை கூடும் எண்டு கூட்டாளி சொல்றான். செய்யட்டா?"

இந்தக் கேள்வியைப் பார்த்ததும் எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். எந்தக் கொயில் போடலாம், எந்த பிளக் வயர் நல்லது என்றுதான் வழமையாகக் கேட்பீர்கள். டிஸ்ரிபியூட்டரின் அடித்தட்டில் இருக்கிற ஸ்பிரிங்கைப் பற்றி ஒருவர் கேட்கிறார் என்றால், சரியான இடத்தில் கைவைக்கிறார் என்று அர்த்தம். ஆனால் கூட்டாளி சொன்ன வேலையைச் செய்ய வேண்டாம்.

முந்தைய வீடியோக்களைப் பார்த்தவர்களுக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்வது தெரியும். பொறி எவ்வளவு பெரிது என்பதைவிட, அது எந்த நேரத்தில் விழுகிறது என்பதுதான் முக்கியம். கூத்தில் அண்ணாவியாரின் மத்தள அடியும் ஆடுபவரின் காலும் சேர்ந்து விழவேண்டும். அடி எவ்வளவு பலமாக இருந்தாலும் நேரம் தப்பினால் ஆட்டம் குழம்பிவிடும். எலக்ட்ரோனிக் இக்னிஷன் போட்டதால், மின்சாரத்தை வெட்டிவிடுகிற பொயின்ற் தேய்கிற தொல்லை போனது, நல்லது. ஆனால் எத்தனை ஆர்பிஎம்மில் பொறி எவ்வளவு முந்தவேண்டும் என்பதை இன்னமும் அந்த இரண்டு எடைகளும் இரண்டு ஸ்பிரிங்குகளும்தான் முடிவு செய்கின்றன.

ஏன் முந்தவேண்டும்? பெற்றோல் கலவை எரிய நேரம் எடுக்கும். 1000 ஆர்பிஎம்மில் கிராங் ஒரு மில்லி செக்கனில் 6 பாகை சுற்றும். 3000 ஆர்பிஎம்மில் அதே மில்லி செக்கனில் 18 பாகை. அதனால் வேகம் கூடக்கூடப் பொறியை முன்னுக்குக் கொண்டுவரவேண்டும், அட்வான்ஸ் என்பது இதைத்தான். எடைகள் வெளியே விரிந்து அதைச் செய்கின்றன, ஸ்பிரிங் அவற்றைப் பிடித்து வைத்திருக்கிறது. லூக்காஸ் 25டி4 என்கிற டிஸ்ரிபியூட்டரில் மூடியையும் தட்டையும் கழற்றிப் பாருங்கள். அனேகமாக ஒரு ஸ்பிரிங் மெல்லிசு, மற்றது தடிப்பு. தடித்ததின் கொக்கி கொஞ்சம் தளர்வாக இருக்கும். அது பழுதில்லை. முதலில் மெல்லிசு மட்டும் வேலை செய்யும், வேகம் ஏறினபிறகுதான் தடித்தது பிடிக்கும். இரண்டையும் மெல்லிசாக்கினால் 3000க்கு மேல் வரவேண்டிய அட்வான்ஸ் முழுக்க 1500, 1800 இலேயே வந்து நிற்கும்.

கல்லடிப் பாலம் தாண்டிக் காத்தான்குடி வரைக்கும் ஓட்டினால் நல்லாத்தான் இருக்கும், சமதரைதானே. அதே காரில் நாலுபேரை ஏற்றிக்கொண்டு செங்கலடியால் பதுளை வீதியில் போங்கள். மகாஓயா, பிபிலை கடந்து லுணுகலைப் பக்கம் ஏறும்போது ஆர்பிஎம் குறைவு, கால் முழுக்க அமத்தியிருக்கும். அப்பதான் 'கிணுகிணு' என்று ஒரு சத்தம் வரும். களுவாஞ்சிக்குடியிலிருந்து ஒருவர் அப்படி ஒரு காரைக் கொண்டுவந்தார். டப்பட் சத்தம், அதாவது வால்வு இடைவெளி கூடியதால் வருகிற சத்தம் என்று நினைத்து இரண்டு இடத்தில் டப்பட் வைத்திருந்தார்கள். டப்பட்டில் ஒன்றும் இல்லை. 92 ஒக்டேன் பெற்றோலில், பாரத்தில், பொறி மிக முந்தி விழுந்து கலவை வெடிக்கிற சத்தம் அது. அதைக் கேட்டுக்கொண்டே ஓடினால் பிஸ்டன் தலை போய்விடும்.

இன்னொன்று. ஸ்பிரிங்கை மாற்றினால் அட்வான்ஸ் எப்போது வருகிறது என்பதுதான் மாறும், மொத்தம் மாறாது. மொத்தத்தைத் தீர்மானிப்பது டிஸ்ரிபியூட்டர் தண்டின் கேமில் இருக்கிற தடை. அதில் ஒரு எண் அடித்திருக்கும், 12 என்று வையுங்கள். டிஸ்ரிபியூட்டர் கிராங்கின் அரை வேகத்தில் சுற்றுவதால் அது கிராங்கில் 24 பாகை. டிஸ்ரிபியூட்டரைத் திருப்பி நீங்கள் நிலையாக வைத்த தொடக்க அட்வான்ஸ் 6 என்றால் மொத்தம் 30. இந்த எஞ்சினுக்கு அது கிட்டத்தட்டப் போதும். கேம்சாஃப்ட் மாற்றி, ஹெட்டில் வேலை செய்த எஞ்சின் கீழ் வேகத்தில் கூடுதல் அட்வான்ஸ் கேட்கும். அப்போது உண்மையான மாற்றம் எப்படி என்றால், தடையில் ஒரு சின்னக் குழாய்த்துண்டு ஏற்றி 12ஐ 9 ஆக்குவது. கிராங்கில் 18. நிலையானதை 12 வைத்தால் மொத்தம் அதே 30தான். தொடக்கம் கூடியது, முடிவு கூடவில்லை. டிஸ்ரிபியூட்டரை வெறுமனே திருப்பி வைப்பதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் அதுதான்.

வக்கியூமைக் கழற்றவே வேண்டாம். எஞ்சின் உறிஞ்சுகிற இழுப்பால் வேலை செய்து பொறியை முந்தவைக்கிற டயஃபிரம் டப்பா அது. மெதுவாகக் காலை வைத்து ஓடும்போது சிலிண்டருக்குள் போகிற கலவை குறைவு, அது ஆறுதலாக எரியும், அதனால் மேலதிக அட்வான்ஸ் வேண்டும். வக்கியூம் அதைக் கொடுக்கிறது. காலை முழுக்க அமத்தினால் அது தானாக விலகிவிடும். அப்படியென்றால் முழு இழுவையில் அது ஏற்கனவே வேலை செய்வதில்லையே, கழற்றி என்ன லாபம்? ரேஸ் கார்களில் இல்லை, உண்மை. அவை பெரும்பாலும் முழு திறப்பில்தான் ஓடுகின்றன. நீங்கள் அக்கரைப்பற்றுக்கும் மட்டக்களப்புக்கும் ஓடுகிறீர்கள், கழற்றினால் பெற்றோல்தான் கூடப் போகும். 2022இல் கியூஆர் கோட்டோடு பெற்றோலுக்கு வரிசையில் நின்றவர்களுக்கு இதற்குமேல் சொல்லத் தேவையில்லை.

சரி தம்பி, நீங்கள் இன்னொரு கேள்வி கேட்டிருந்தால் எனக்கு இன்னும் பிடித்திருக்கும்: "என்ர டிஸ்ரிபியூட்டர் இப்ப எந்த நிலையில இருக்கு?" ஏனென்றால் நம்ம பக்கத்தில் இருக்கிற மைனர்களில் பாதியில் இருப்பது அதற்குரிய டிஸ்ரிபியூட்டரே இல்லை. மினியில் இருந்தது, ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் காரில் இருந்தது என்று கிடைத்ததைப் போட்டிருப்பார்கள். வெளியே பார்த்தால் எல்லாம் 25டி4தான், உள்ளே ஸ்பிரிங்கும் எடையும் வேறு. உடம்பில் அடித்திருக்கிற எண்ணைப் பார்த்தால்தான் தெரியும்.

மூடிக்குக் கீழே சுற்றுகிற ரோட்டரைக் கழற்றி, தண்டைப் பிடித்து இரண்டு பக்கமும் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால் தண்டைத் தாங்குகிற புஷ் தேய்ந்துவிட்டது. பொயின்ற் உள்ள காரில் அந்த ஆட்டம் இடைவெளியையே மாற்றும், பொறி சிலிண்டருக்குச் சிலிண்டர் வேறு வேறு நேரத்தில் விழும். பிறகு ரோட்டரை மாட்டிக் கையால் திருப்பிவிடுங்கள், ஸ்பிரிங்கில் திரும்பி வரவேண்டும். கடற்கரையோரம் நிற்கிற கார்களில் எடைகளின் ஊசிகள் துருப்பிடித்து இறுகிக் கிடப்பதை நான் நிறையப் பார்க்கிறேன். வக்கியூம் குழாயை வாயால் உறிஞ்சி நாக்கால் அடையுங்கள். தட்டு நகர்ந்து அப்படியே நின்றால் டயஃபிரம் நல்லது. மாரி மழைக்குள் கார் நின்றிருந்தால் மூடிக்குள் கறுப்புக்கோடு, வெடிப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

அதற்குப் பிறகு, பொறி எந்தப் பாகையில் விழுகிறது என்று காட்டுகிற டைமிங் லைட். வக்கியூம் குழாயைக் கழற்றி அடைத்துவிட்டு, 1000இலிருந்து 3500 வரை ஐந்நூறு ஐந்நூறாக ஏற்றி ஒவ்வொன்றிலும் எத்தனை பாகை என்று எழுதுங்கள். அந்தத் தாளையும் உடம்பில் இருக்கிற எண்ணையும் எனக்கு அனுப்புங்கள். எந்த ஸ்பிரிங் என்பதை அதைப் பார்த்துத்தான் சொல்லமுடியும்.